பையா, குடுவையா, டிரம்மா? வடிகட்டியைக் கழற்றிப் பார்த்து வேக்குவம் கிளீனர் தேர்ந்தெடுப்பது

வேக்குவம் கிளீனர் வாங்குவது என்று முடிவெடுத்தவர்களில் பெரும்பாலானோர் அடுத்த அடி எடுத்துவைக்க முடியாமல் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். பை வைத்த இயந்திரமா, பையில்லாத சைக்ளோன் குடுவையா, ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சும் டிரம்மா, கையில் தூக்கிக்கொண்டு போகும் கம்பியில்லா ஸ்டிக் வகையா என்பது அவர்களின் குழப்பம். கடைக்காரர் வாட் கணக்கைச் சொல்கிறார். பெட்டியின் மேல் 'ஹெப்பா' (மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் வடிகட்டி) என்ற சொல் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஆனால் வாங்கிய இயந்திரம் ஆறே மாதத்தில் பரணுக்குப் போவதற்கான காரணத்தை அந்தப் பெட்டியின் மேல் தேடினால் கிடைக்காது. தூசி சேரும் பகுதியைத் திறந்து, கொட்டி, வடிகட்டியைக் கழற்றித் தட்டியோ கழுவியோ உலர்த்தி, மறுபடி பொருத்துவது எவ்வளவு தொல்லை என்பதே பெரும்பாலான வீடுகளில் அந்த இயந்திரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. எனவே இந்த ஒப்பீடு உறிஞ்சும் திறனையும் நிறத்தையும் ஒதுக்கிவிட்டு, வடிகட்டியை எட்டுவதும் பராமரிப்பதும் எந்த வடிவமைப்பில் எப்படி அமைந்திருக்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

நம் நாட்டு நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் இந்த இயந்திரம் நுழைந்ததே செய்து காட்டும் விற்பனையின் வழியாகத்தான். 1982இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர்களை வீடு வீடாக அனுப்பியது பலருக்கும் நினைவிருக்கும். அன்று முதல் இன்றுவரை, எந்த நிறுவனத்தின் விற்பனையாளராக இருந்தாலும், சோபாவிலிருந்து தூசியை உறிஞ்சிக் காட்டுவார். உறிஞ்சிய தூசியைக் கொட்டிக் காட்டுபவரைக் காண்பது அரிது.

## வடிகட்டி அடைத்துக்கொண்டால் உள்ளே என்ன நடக்கிறது

எந்த வகையானாலும் காற்றின் பாதை ஏறக்குறைய ஒன்றுதான். குழாய் வழியாக வரும் காற்று, தூசி தங்கும் பையிலோ குடுவையிலோ பெரும்பகுதி குப்பையை விட்டுவிட்டு, மோட்டாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியைக் கடந்து, மோட்டாரைத் தாண்டி, கடைசியாக வெளியேற்ற வடிகட்டி வழியாக அறைக்குள் திரும்புகிறது. உலர் தூசிக்கான இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில் மோட்டாரைக் குளிர்விப்பதும் இதே காற்றுதான். முன்வடிகட்டி அடைத்தால் உறிஞ்சல் குறைவதோடு மோட்டாரும் சூடாகத் தொடங்குகிறது.

இதில் ஏமாற வைக்கும் ஒன்று உண்டு. தள்ளவேண்டிய காற்று குறைவதால் விசிறி இன்னும் வேகமாகச் சுழன்று, ஓசை கூர்மையாக உயர்கிறது. கேட்பவருக்கு இயந்திரம் முழு மூச்சாக உழைப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது உறிஞ்சுவதை ஏறக்குறைய நிறுத்தியிருக்கும். சிறிது நேரத்தில் வெப்பப் பாதுகாப்பு அமைப்பு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆறியபின் தானாக ஓடும் அந்த இயந்திரத்தைப் பழுதென்று நினைத்து சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிச் செல்பவர்கள் ஏராளம். அங்கே பல நேரம் நடப்பது வடிகட்டியைக் கழுவித் தருவது மட்டுமே, அதுவும் கட்டணத்தோடு.

பெட்டியில் அச்சிட்ட எண்கள் இந்த நிலையைச் சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் வேக்குவம் கிளீனர்களுக்கு 1,600 வாட் என்றும், 2017 செப்டம்பரில் 900 வாட் என்றும் உச்சவரம்பு விதித்தது. வாட் அதிகமானால் சுத்தமும் அதிகமாகும் என்ற எண்ணத்துக்கு அதுவே போதுமான பதில். இயந்திரத்தின் மின்சிக்கனத்தைத் தரப்படுத்திக் காட்ட அதே ஒன்றியம் கொண்டுவந்த ஆற்றல் முத்திரையை எதிர்த்து, பையில்லாத இயந்திரங்களைச் செய்யும் டைசன் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. தூசி சேராத, காலியான இயந்திரத்தைச் சோதித்துத் தரம் வழங்குவது சரியல்ல என்பது அதன் வாதம். 2018 நவம்பரில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த முத்திரை விதியை ரத்து செய்தது. வழக்குத் தொடுத்த நிறுவனத்துக்கு அதில் வணிக நோக்கமும் இருந்திருக்கும் என்பது வேறு கதை, வாதம் சரியானதே. நமக்கு வேண்டியது மூன்று மாதம் ஓடிய இயந்திரத்தின் நிலை.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது, கருவி இல்லாமல் திறக்க முடிகிறதா என்பது. முன்வடிகட்டிக்கு ஸ்க்ரூ டிரைவர் வேண்டுமென்றால், அந்த வடிகட்டி கழுவப்படாது என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம். கிளிப்பா, திருகி எடுப்பதா, இழுப்பதா என்பதும் முக்கியம். மூட்டுவலி உள்ள கைக்குத் திருகுவது கடினம், கிளிப்பை அமுக்குவது எளிது.

இரண்டாவது, வடிகட்டியை எடுக்கும்போது அதன் அழுக்கு முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் நல்ல வடிவமைப்பையும் மோசமான வடிவமைப்பையும் பிரித்துக் காட்டுவது இதுதான். அழுக்கு முகம் கீழ்நோக்கிக் குடுவைக்கு நேர் மேலே இருந்தால், எடுக்கும்போது உதிர்வது குடுவைக்குள்ளேயே விழும். அழுக்கு முகம் பக்கவாட்டில் மோட்டார் வாய்க்கு அருகில் இருந்தால், ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஒரு சிட்டிகைத் தூள் மோட்டார் பக்கம் போகும்.

மூன்றாவது, கழுவி உலரும் நேரம். பல நிறுவனங்கள் கழுவிய வடிகட்டியை 24 மணி நேரம் உலர்த்தச் சொல்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ பஞ்சு வடிகட்டி ஒரே நாளில் உலர்ந்துவிடும் என்று நம்புவதற்கில்லை. அரை ஈரத்தோடு பொருத்தினால் நாற்றம் வரும். ஈரத்தில் தூசி ஒட்டிக் களிம்பாகி, கழுவியதே வீணாகும்.

நான்காவது, காற்றுக் கசியாத அடைப்பு. வடிகட்டியை எளிதில் எட்டவேண்டுமென்று வடிவமைப்பாளர் ஒரு கதவு வைத்தால், அந்தக் கதவைச் சுற்றி ஒரு ரப்பர் விளிம்பும் வைத்தாக வேண்டும். கதவு கூடக்கூடக் கசிவதற்கான இடமும் கூடுகிறது. ஐரோப்பியத் தரப்படி எச்-13 ஹெப்பா வடிகட்டி, பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுத் துகள்களிலும் 99.95 சதவீதத்தைப் பிடிக்கவேண்டும். அப்படிப்பட்ட வடிகட்டி சரியாக உட்காராவிட்டால், காற்று எதிர்ப்பில்லாத சந்து வழியாகச் சுற்றிப் போய்விடும். வடிகட்டியைக் கழற்றியதும் அது உட்கார்ந்திருந்த இடத்தின் சுத்தமான பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கலாம். சாம்பல் நிறக் கோடு ஒன்று விளிம்பிலிருந்து உள்நோக்கி இழுத்திருந்தால், கசிவு நடந்த பாதை அதுதான்.

ஐந்தாவது, உதிரிபாகம். வடிகட்டியின் பாக எண் அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறதா, அது தனியாக விற்கப்படுகிறதா, என்ன விலை என்பவை.

## பை வைத்த இயந்திரம்

பைதான் இந்த இயந்திரத்தின் வரலாறு. 1907இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கேன்டன் நகரில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்க்லர், தூசியால் ஆஸ்துமா முற்றித் தவித்தவர், விசிறி மோட்டாரோடு ஒரு தலையணை உறையைக் கட்டித் தூசியைப் பிடித்தார். அவருடைய காப்புரிமையை வாங்கியதே ஹூவர் நிறுவனத்தின் தொடக்கம். நூறாண்டுக்கு மேல் கடந்தும் அந்தத் தலையணை உறையின் கருத்தை முழுதாக வெல்லும் வேறொரு வழி, சுகாதாரக் கோணத்தில், வந்துவிடவில்லை என்பது என் கணிப்பு.

ஆனால் பையிலும் இரண்டு சாதி உண்டு. இன்றைய தூக்கியெறியும் பை பல அடுக்குச் செயற்கை இழைத் துணியால் ஆனது. அதன் கழுத்தில் உள்ள அட்டையையோ பிளாஸ்டிக் தகட்டையோ பிடித்து இழுத்து எடுக்கவேண்டும். நல்ல பைகளில் எடுக்கும்போதே வாய் மூடிக்கொள்ளும். தூசியைக் கண்ணால் பார்க்காமலேயே குப்பைக்கூடைக்கு அனுப்பிவிடலாம். பையே முதல் வடிகட்டியாக இருப்பதால் மோட்டாருக்கு முன்னால் உள்ள சிறு வடிகட்டிக்கு வேலை குறைவு. மீலே நிறுவனம் நான்கு பைகள் கொண்ட பெட்டியில் ஒரு மோட்டார் வடிகட்டியையும் ஒரு வெளியேற்ற வடிகட்டியையும் சேர்த்தே வைக்கிறது. நான்காவது பையை எடுக்கும்போது வடிகட்டி மாற்றும் நாளும் வந்துவிட்டதென்று வீட்டில் யாரும் நினைவூட்டாமலே தெரிந்துவிடும். பராமரிப்பைப் பயன்படுத்துபவரின் நினைவாற்றலிடம் விடாத வடிவமைப்பு இது.

மற்றொன்று துணிப்பை. நம் சந்தையின் நடுத்தர விலை இயந்திரங்கள் பலவற்றில் வருவது இதுதான். கொட்டுவதற்கு அதன் அடிப்பட்டையை உருவி உதறவேண்டும். உதறும்போது உறிஞ்சியதில் ஒரு பங்கு திரும்ப முகத்துக்கு வரும். நாளடைவில் துணியின் கண்கள் நிரந்தரமாக அடைத்து, பை காலியாக இருக்கும்போதே உறிஞ்சல் பாதியாகிவிடும். பெட்டியில் 'பையுடன்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தப் பை என்று கேட்காமல் வாங்கக்கூடாது.

மறைந்திருக்கும் செலவு பையின் விலை என்று எல்லோருக்கும் தெரியும். அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. ஒரு பை 150 ரூபாய் என்றும் ஆறு வாரம் வருகிறது என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஒன்பது பை, 1,350 ரூபாய். தாங்கக்கூடியதா இல்லையா என்பது வீட்டைப் பொறுத்தது. அதைவிடப் பெரிய செலவு கிடைக்காமை. வாங்கிய மாதிரி நான்காண்டுகளில் சந்தையிலிருந்து விலகினால், அதன் பையும் விலகக்கூடும். அப்போது கழுத்தளவு சற்றே மாறிய வேறு நிறுவனப் பையைச் செருகினால், அந்த மில்லிமீட்டர் இடைவெளி வழியாக நுண்தூசி நேராக மோட்டார் வடிகட்டிக்குப் போகும். பைகள் மூன்று கடைகளிலாவது கிடைக்கும் மாதிரியைத் தேர்ந்தெடுத்து, முதல் நாளே ஓராண்டுக்கான பைகளை வாங்கி வைப்பது நல்லது.

இன்னொரு நுணுக்கம். பை நிரம்பியதைக் காட்டும் சிவப்புக் குறி, பையின் கொள்ளளவை அளப்பதில்லை. காற்றழுத்த வேறுபாட்டைத்தான் அளக்கிறது. சுவரில் துளையிட்ட சிமெண்ட் தூளையோ கோலமாவையோ உறிஞ்சினால் பை கால்பங்கு நிரம்பும் முன்பே குறி சிவந்துவிடும். பையைத் தொட்டுப் பார்த்து 'இன்னும் இடமிருக்கிறதே' என்று மறுபடி போடுபவர்கள் மோட்டாரைத்தான் பணயம் வைக்கிறார்கள்.

ஆஸ்துமா, தூசி ஒவ்வாமை உள்ளவர் வீட்டிலும், பால்கனி இல்லாத அடுக்ககத்திலும், குனிந்து நிமிர்ந்து கழுவ முடியாத முதியவர்கள் தனித்து வாழும் வீட்டிலும் தூக்கியெறியும் பை உள்ள இயந்திரமே முதல் தேர்வு.

## சைக்ளோன் குடுவை

பை அடைத்து உறிஞ்சல் குறைவதைக் கண்டு எரிச்சலடைந்த ஜேம்ஸ் டைசன், 5,127 மாதிரிகளைச் செய்து பார்த்தபின் எட்டிய வடிவமைப்பு இது. டிசி01 என்ற இயந்திரம் 1993இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. காற்றைக் கூம்புக்குள் வேகமாகச் சுழற்றினால் கனமான துகள்கள் சுவரை நோக்கி வீசப்பட்டுக் கீழே இறங்கிவிடும். வடிகட்டியின் கண்கள் வழியாகப் பெருங்குப்பை போகவேண்டிய தேவை இல்லாததால், அடைப்பு தள்ளிப்போகிறது.

தள்ளிப்போகிறதே தவிர இல்லாமல் போவதில்லை. மிக நுண்ணிய தூள் சுழற்சியில் பிரியாமல் காற்றோடு போய் முன்வடிகட்டியில் படிகிறது. கூம்புகள் எத்தனை, அவை எவ்வளவு குறுகியவை என்பதைப் பொறுத்து அந்த அளவு மாறும். விளம்பரத்தில் குடுவை கண்ணாடிபோல் மின்னுவதைப் பார்த்துவிட்டு, அதற்குப் பின்னால் வடிகட்டி என்று ஒன்று இருப்பதையே அறியாமல் ஓராண்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஓட்டிய இயந்திரத்தின் பஞ்சு வடிகட்டியைக் குழாயடியில் பிழிந்தால் முதல் தண்ணீர் டிகாக்ஷன் போல இறங்கும்.

இந்த வகையில் முன்வடிகட்டி அமையும் இடம் மூன்று. குடுவையின் மூடிக்கு அடியில், அழுக்கு முகம் கீழே பார்த்தபடி இருப்பது முதல் அமைப்பு; மூடியைத் தூக்கினால் வடிகட்டி கையில், உதிர்வது குடுவையில். மூன்றிலும் சிறந்தது இது. குடுவையைக் கழற்றியபின் இயந்திரத்தின் உடற்பகுதியில் கம்பிவலைக்குப் பின்னால் இருப்பது இரண்டாவது. எட்டுவது எளிது, ஆனால் உதிர்வது மோட்டார் வாயின் அருகே. குடுவையின் நடுவிலேயே, தூசிக்குள் புதைந்த உருளை மடிப்பு வடிகட்டியாக இருப்பது மூன்றாவது. விலை குறைந்த 'சைக்ளோன்' இயந்திரங்கள் பலவற்றில் உள்ளது இதுதான். இதில் சுழற்சி பெயரளவுக்கே நடக்கும். தலைமுடி உருளையைச் சுற்றி இறுகும். நுண்தூள் மடிப்புகளின் ஆழத்தில் இறங்கிவிடும். செய்தித்தாளின் மேல் தட்டினால் மேற்பரப்பில் இருந்த சாம்பல் படலம் ஏடு ஏடாக விழும், மடிப்பின் அடியில் இருப்பது அசையாது. பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் மடிப்பு மடிப்பாகத் தேய்க்கவேண்டியிருக்கும். அழுத்தித் தேய்த்தால் வடிகட்டித் தாள் கிழியும். இந்த மூன்றாம் அமைப்பை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

பைச் செலவு இல்லை என்பது உண்மை. அதற்கு ஈடாக வேறு செலவுகள் வருகின்றன: மாதம் ஒருமுறை கழுவும் உழைப்பு, மழைக்காலத்துக்கென இரண்டாவது வடிகட்டி, நாளடைவில் தளரும் ரப்பர் விளிம்புகள், குடுவையின் அடிக்கதவைத் திறக்கும்போது எழும் புழுதி. புழுதியைக் குறைக்க ஒரு வழி உண்டு. குடுவையைக் குப்பைப் பைக்குள் முழங்கை வரை இறக்கி, பையின் வாயைக் கையைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து, புழுதி அடங்கும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். கூம்புகளுக்குள் சிமெண்ட் தூள் ஒட்டிக்கொண்டால் அதை எடுப்பது பெரும்பாடு. பல மாதிரிகளில் கூம்புப் பகுதியை நீரில் கழுவவே கூடாது. வெளியேற்ற வடிகட்டி பின்புறக் கம்பிக்கதவுக்குள் தனியாக இருக்கும். கையேட்டைப் படிக்காதவருக்கு அது கண்ணில் படாது.

வெயில் படும் பால்கனியோ மொட்டை மாடியோ உள்ள வீட்டுக்கும், மாதப் பராமரிப்பைத் தவறாமல் செய்யும் ஒருவர் இருக்கும் வீட்டுக்கும், நாய் பூனை முடி போன்ற பருத்த குப்பை அதிகமுள்ள வீட்டுக்கும் இது பொருந்தும்.

## ஈரமும் உலரும் உறிஞ்சும் டிரம்

அழகில் கடைசி இடம், எட்டும் வசதியில் முதல் இடம். இரண்டு கிளிப்பை விடுவித்து மோட்டார் தலையைத் தூக்கினால் உள்ளே எல்லாம் வெட்டவெளிச்சம். பிரிட்டனில் நியூமேட்டிக் நிறுவனத்தின், சிரித்த முகம் வரைந்த 'ஹென்றி' உலர் தூசிக்கான டிரம்தான். எனினும் இதே அமைப்பின் வலிமைக்கு அது நல்ல எடுத்துக்காட்டு. அதன் துணி வடிகட்டி டிரம்மின் அகலம் முழுவதையும் மூடியிருக்கும். பரப்பு பெரிதாக இருப்பதால் அடைக்க நெடுநாள் ஆகும், எடுத்து உதறச் சில நொடிகளே போதும். அதற்குள் ஒரு பையும் போட்டுக்கொள்ளலாம்.

ஈரம் உறிஞ்சும் இயந்திரங்களில் மோட்டாரைக் குளிர்விக்கத் தனிக் காற்றுப்பாதை இருப்பது வழக்கம். எனவே வடிகட்டி அடைத்தாலும் மோட்டார் உடனே வேகாது. பராமரிப்பை மறக்கும் வீட்டுக்கு இது சிறிய வரம்.

இவற்றுள் வடிகட்டி அமைப்பில் இரண்டு வழிகள் இருக்கின்றன. எளிய மாதிரிகளில் உலர் தூசிக்குத் துணி அல்லது மடிப்பு வடிகட்டி, ஈரத்துக்குப் பஞ்சு உறை என்று மாற்றி மாற்றிப் பொருத்தவேண்டும். மழைநீர் புகுந்த அவசரத்தில் காகித வடிகட்டியைக் கழற்ற மறந்துவிட்டு உறிஞ்சினால் அந்த வடிகட்டி அன்றோடு முடிந்தது. மற்றொரு வழியைக் கார்ச்சர் நிறுவனத்தின் டபிள்யூடி 5 போன்ற இயந்திரங்களில் பார்க்கலாம். தட்டையான மடிப்பு வடிகட்டி மேற்புறத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. டிரம்மைத் திறக்காமலேயே அந்தப் பெட்டியை மடக்கித் தூக்கி, அழுக்கைத் தொடாமல் வடிகட்டியைக் குப்பைத்தொட்டியின் மேல் கவிழ்க்கலாம். வடிகட்டியை மாற்றாமல் ஈரத்தையும் உலரையும் அடுத்தடுத்து உறிஞ்சவும் முடியும். வடிகட்டியை எட்டும் வசதி ஒன்றை மட்டும் பார்த்துப் பரிசு கொடுப்பதென்றால் நான் இதற்குத்தான் கொடுப்பேன்.

குறைகள் வெளிப்படையானவை. இரைச்சல் அதிகம், வைக்க இடம் வேண்டும், வெளியேறும் காற்றின் சுத்தம் ஹெப்பா பொருத்திய பை இயந்திரத்துக்கு ஈடாகாது. ஈரம் உறிஞ்சிய டிரம்மைக் கழுவி, திறந்து வைத்து உலர்த்தாவிட்டால் இரண்டே நாளில் சாக்கடை வாடை அடிக்கும். தரைத்தள வீடு, கார், தோட்டம், வீட்டில் அடிக்கடி தச்சு வேலையோ துளையிடும் வேலையோ நடப்பது, மழைக்கு வாசலில் நீர் நிற்பது ஆகிய இவற்றில் இரண்டு இருந்தாலே டிரம் வாங்கலாம்.

## கம்பியில்லா ஸ்டிக் வகை

வடிகட்டியைக் கழற்றுவது இதிலும் மிக எளிது. 2018இல் வந்த டைசன் வி10 முதலான இயந்திரங்களில் மோட்டாருக்கு முன்னும் பின்னும் உள்ள வடிகட்டிகள் ஒரே துண்டாகப் பின்புறம் பொருந்தியிருக்கின்றன. ஒரு திருகல், கையில் வந்துவிடும். அதற்கு முந்திய வி8இல் அவை இரண்டு இடங்களில் தனித்தனியாக இருந்தன. ஒன்றைக் கழுவி மற்றொன்றை மறப்பது நடக்கக்கூடியதே. இரண்டையும் இணைத்தது நல்ல வடிவமைப்பு முடிவு. ஆனால் இணைத்ததால் விலையும் இணைந்தது. ஒன்று பழுதானால் இரண்டுக்கும் சேர்த்தே பணம் கொடுக்கவேண்டும்.

வடிகட்டி சிறியது, ஆகவே விரைவில் அடைக்கும். குடுவையும் சிறியது, பெரிய வீட்டில் ஒரே சுத்தத்தில் இரண்டு முறை கொட்டவேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே பேட்டரி. அது சில ஆண்டுகளில் தேய்வது உறுதி, மாற்றும் செலவு வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. பேட்டரி கிளிப்பில் கழன்று வருமா, உள்ளே ஸ்க்ரூ போட்டு மூடப்பட்டதா என்பது வடிகட்டியைப் போலவே முன்கூட்டிக் கேட்கவேண்டிய கேள்வி. சுழலும் பிரஷ்ஷில் சுற்றும் நீள முடியையும் மறக்கக்கூடாது. பிரஷ் உருளை ஒரு நாணயத்தால் திறந்து வெளியே வருமானால் போதும். இருவர் வாழும் சிறு வீட்டுக்கும், தினம் பத்து நிமிடம் ஓட்டுபவருக்கும் ஏற்றது. ஐந்து பேர் வாழும் வீட்டில் இதை ஒரே இயந்திரமாக நம்புவது சரிவராது.

## நீர் வடிகட்டியும் ரோபோவும்

நீர்த்தொட்டியில் தூசியைக் கரைக்கும் வகை செய்து காட்டும்போது மிகவும் கவர்ச்சியாக இருக்கும், ஏனென்றால் கறுத்த நீர் கண்ணுக்குத் தெரிகிறது. நுண்தூள் காற்றுக் குமிழிக்குள் ஒளிந்து நீரைத் தாண்டிவிடும் என்பதால், நல்ல இயந்திரங்களில் நீருக்குப் பின்னால் ஹெப்பாவும் இருக்கும். அதாவது வடிகட்டிப் பராமரிப்பு ஒழிவதில்லை. ஒவ்வொரு முறையும் நீரைக் கொட்டி, தொட்டியைக் கழுவி, உலர்த்தியே ஆகவேண்டும். ஒரு நாள் விட்டால் சேறு நாறும். எடையும் விலையும் அதிகம். வாரம் ஒருமுறை முழு வீட்டையும் சுத்தம் செய்து, அன்றே எல்லாவற்றையும் கழுவி வைக்கும் ஒழுங்குள்ளவர் தவிர மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ரோபோவில் வடிகட்டி மெல்லிய சிறு தகடு. மேல்மூடியைத் திறந்தால் கைக்கு வரும். எட்டுவது எளிதாயினும் அடிக்கடி எட்டவேண்டும், சில மாதங்களில் மாற்றவும் வேண்டும். தானே கொட்டிக்கொள்ளும் நிலையம் உள்ள மாதிரிகளில் குடுவைச் சிக்கல் பைச் சிக்கலாக மாறுகிறது, அதுவும் அந்த நிறுவனத்தின் பை மட்டுமே பொருந்தும் சிக்கலாக. வாசலில் கோலமாவும் பூஜையறையில் விபூதியும் சிந்தும் வீட்டில் அந்தத் தகடு ஒரே வாரத்தில் வெளுத்துவிடும். ஊதுபத்திச் சாம்பலை எந்த இயந்திரத்தாலும் சூடு ஆறுமுன் உறிஞ்சக்கூடாது. உள்ளே காகிதமும் தூசியும் இருக்க ஒரு கங்கு போதும்.

## ஒரே பார்வையில்

| வகை | வடிகட்டியை எடுப்பது | கொட்டும்போது புழுதி | தொடர்ந்து வரும் செலவு |
|---|---|---|---|
| தூக்கியெறியும் பை | மூடியைத் திறந்து இழுப்பது. மிக எளிது | ஏறக்குறைய இல்லை | பைகள். கிடைக்குமா என்பதே கவலை |
| துணிப்பை | பட்டையை உருவி உதறுவது | மிக அதிகம் | புதிய துணிப்பை, மோட்டார் வடிகட்டி |
| சைக்ளோன், மூடியடி வடிகட்டி | மூடியைத் தூக்குவது | நடுத்தரம் | இரண்டாவது வடிகட்டி, உழைப்பு |
| சைக்ளோன், புதைந்த உருளை | தூசிக்குள் கைவிடுவது | அதிகம் | அடிக்கடி புதிய உருளை |
| டிரம் | இரண்டு கிளிப் அல்லது மேல்பெட்டி | டிரம்மைக் கவிழ்க்கும்போது அதிகம் | குறைவு |
| ஸ்டிக் | ஒரு திருகல் | நடுத்தரம் | வடிகட்டி, பேட்டரி |
| நீர் | தொட்டியைக் கழற்றுவது | இல்லை. சேறு உண்டு | ஹெப்பா, நேரம் |
| ரோபோ | மூடியைத் திறப்பது | சிறிது | வடிகட்டித் தகடு, நிலையப் பை |

## எதை எடுப்பது

நடுத்தர அளவு அடுக்ககம், நான்கைந்து பேர், ஒருவருக்காவது தும்மல் தொந்தரவு என்ற பொதுவான நிலையில், பை எளிதாகக் கிடைக்கும் ஊராக இருந்தால் பை இயந்திரத்தை எடுக்கச் சொல்வேன். பையில்லாததுதான் நவீனம் என்ற எண்ணம் விளம்பரம் ஊட்டியது. உறிஞ்சிய தூசியைத் திரும்பப் பார்க்கவேண்டிய கட்டாயம் எந்த வகையிலும் முன்னேற்றம் ஆகாது. பை கிடைப்பது சந்தேகமான ஊரில் இருப்பவர்களுக்கு டிரம்தான் பாதுகாப்பான தேர்வு, ஏனென்றால் அதன் வடிகட்டி பல ஆண்டு உழைக்கும், பையில்லாமலும் ஓடும். சைக்ளோன் எடுப்பதென்றால் மூடியடி வடிகட்டி உள்ள மாதிரியை எடுத்து, பில் போடும்போதே இன்னொரு வடிகட்டியும் சேர்த்து வாங்கிவிட வேண்டும். ஸ்டிக் வகை இரண்டாவது இயந்திரமாகச் சிறப்பாக வேலை செய்யும்.

கடைக்குப் போனால், இயந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொல்வதற்கு முன் முன்வடிகட்டியையும் வெளியேற்ற வடிகட்டியையும் கழற்றிக் காட்டச் சொல்லவேண்டும். விற்பனையாளரே அது எங்கே இருக்கிறதென்று தேடினால், அந்த இயந்திரத்தைப் பற்றித் தெரியவேண்டியது தெரிந்துவிட்டது. அவர் கழற்றியபின் நீங்களே ஒரு கையால் மாட்டிப் பாருங்கள். சரியாக உட்காராத வடிகட்டியோடும் மூடி மூடிக்கொள்கிறதா என்று சோதியுங்கள். பை இல்லாவிட்டால், வடிகட்டி இல்லாவிட்டால் மூடியே மூடாதபடி தடுக்கும் அமைப்பு உள்ள இயந்திரத்துக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம். வேலைக்கு வரும் அம்மா அவசரத்தில் வடிகட்டியை வெளியே வைத்துவிட்டு ஓட்டினாலும் மோட்டார் தப்பும். இணையத்தில் வாங்குபவர்கள் அந்த மாதிரியின் கையேட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி, பராமரிப்புப் பக்கங்களை மட்டும் படித்தால் போதும். வடிகட்டியை எடுக்கும் படத்தில் ஸ்க்ரூ டிரைவர் வரையப்பட்டிருந்தால் அடுத்த மாதிரிக்குப் போய்விடலாம்.